மழைக்கோட்டும் காப்புக் கயிறும்

உடன்குடி பஜாரில், உச்சி வெயிலில், நான் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

காலில் செருப்பு கிடையாது. தலையில் காதை மூடும் அளவுக்கு ஒரு டோப்பா, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தோளில் அட்டையை வெட்டிச் செய்த கிடார். வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு. கையில் தட்டு. கோட்டுக்குள் வேர்வை முதுகில் இறங்கி, இடுப்பில் தேங்கி, அங்கிருந்து போக வழி தெரியாமல் நின்றது.

பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது என்ன வேசம்?”

“வெள்ளைக்காரப் பாட்டுக்காரரு.”

“மழைக்கோட்டு எதுக்கு?”

“அவரு எப்பமும் அதைத்தான் போடுவாரு.”

“அவுக ஊர்ல மழையோ?”

“முக்கால்வாசி நாள் மழைதான்.”

“அப்பம் சரி” என்று தட்டில் காணிக்கையைப் போட்டார். ஒரு முழம் கனகாம்பரத்தைக் கிள்ளி கிடாரின் கழுத்தில் சுற்றிவிட்டார். பிறகு தலையைக் குனிந்து நின்றார். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேஷம் கட்டியவன் கையில் அம்மன் இருக்கிறாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. திருநீறு பூசிவிட்டேன். இங்கிலாந்து ராக் பாடகர் கையால் திருநீறு வாங்கிக்கொண்ட முதல் பெண்மணி அவராகத்தான் இருக்கும்.

இந்தத் தொடரில் இதுவரை துறைமுகம், கப்பல், உப்பு என்று எழுதிவந்தவன் திடீரென்று டோப்பாவோடு வந்து நிற்கிறானே என்று நினைக்க வேண்டாம். தூத்துக்குடிக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, முட்டை, சோப்பு என்று சாமான் சப்ளை செய்வது என் தொழில். டோப்பாவும் கப்பல் வழியாக வந்த வினைதான்.

பெயர் சொல்ல மாட்டேன்

எனக்கு இங்கிலாந்துக்காரர்களின் மாற்று ராக் இசை மீது பைத்தியம். இருபது வயதில் பிடித்தது. இப்போது ஐம்பத்தைந்து. இன்னும் தெளியவில்லை.

எந்தெந்தக் குழு என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், அதைவிட இது உசத்தி என்று ஆளாளுக்குக் கடிதம் போடுவீர்கள். அந்தச் சண்டையை நானும் என் சேக்காளி சேவியரும் முப்பது வருஷமாகப் போட்டு வருகிறோம். வெளியாட்களுக்கு இடமில்லை.

நாங்களே அந்தக் குழுக்களுக்குப் பெயர் வைத்திருந்தோம். சளி பிடித்தவர் போலப் பாடுகிறவர் ‘மூக்கடைப்பு’. கிடாரை வைத்துக்கொண்டு காது கிழிய இரைச்சல் கிளப்புகிறவர்கள் ‘ஆலைச் சங்கு’. எல்லாருக்கும் மேலே, எங்கள் குலதெய்வத்துக்கு அடுத்த இடத்தில், மேடை விளக்குச் சூட்டிலும் மழைக்கோட்டைக் கழற்றாமல் பாடுகிறவரும் அவரது மூன்று கூட்டாளிகளும். அவர்கள் ‘மழைக்கோட்டுக்காரர்கள்’.

சமையல்காரர் கொடுத்த கேசட்

அப்போது நான் ஒரு சப்ளை கம்பெனியில் கணக்குப்பிள்ளைக்கு எடுபிடி. உரம் இறக்க வந்த ஒரு கப்பலின் சமையல்காரர் இங்கிலாந்துக்காரர். நான் கொண்டுபோன மிளகாயில் ஒன்றைப் பச்சையாகக் கடித்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கொட்ட என்னைக் கட்டிப்பிடித்தார். கப்பல் புறப்படும் நாளில், இரண்டு கேசட்டை என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனார். அட்டை கிடையாது, பெயர் கிடையாது. அதில் பாடுகிறவர்கள்தான் மழைக்கோட்டுக்காரர்கள் என்பது பின்னால் தெரிந்தது.

எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது. சேவியர் வீட்டில் இருந்தது. அவன் கடற்கரைப் பக்கத்துக்காரன். மாதா கோயில் பாடல் குழுவில் பாடுவான், கிடார் வாசிப்பான். அவன் வீட்டு அலமாரி மேல் இருந்த டேப்பில் கேசட்டைப் போட்டோம். முதலில் மழை பெய்வது போல ஒரு கிடார். அப்புறம் ஒரு குரல். கெஞ்சுகிறதா, திட்டுகிறதா என்று சொல்ல முடியாத குரல்.

சமையலறையிலிருந்து சேவியரின் அம்மா எட்டிப் பார்த்தார்கள். “யாருக்குலே ஒடம்புக்கு முடியல?”

நான் கப்பல் ஆட்களோடு இங்கிலீஷில் பேசிப் பழகியவன். இருந்தும் அந்தப் பாட்டில் முக்கால்வாசி புரியவில்லை. சேவியர் காதில் விழுந்ததையெல்லாம் தமிழ் எழுத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினான். பிறகு அதை அப்படியே பாடினான். அர்த்தம் தெரியாமலே சேவியர் பாடியதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

அவர்கள் ஊரில் மழை ஓயாது. எங்கள் ஊரில் மழை பெய்தால் உப்பளத்துக்காரர்கள் வானத்தைப் பார்த்துத் திட்டுவார்கள். ஒட்டே இல்லை. ஆனாலும் வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று பஸ் ஸ்டாண்டில் நின்ற எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பாட்டுகள் நாலு தெரு தள்ளி இருக்கும் பையன்கள் பாடியது போலவே கேட்டன.

சேவியர் அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் நேரத்துப் பாட்டுக்கு மழைக்கோட்டுக்காரர்களின் கிடார் வாசிப்பைப் போட்டுவிட்டான். பாதிரியார் பூசை முடிந்ததும் கூப்பிட்டார். “நல்லா இருக்கு சேவியர். ஆனா உயிர்த்த ஞாயிறு அன்னைக்கு வேண்டாம். ஆண்டவர் திரும்பக் கல்லறைக்குப் போயிருவார்.”

சில வருஷம் கழித்து மழைக்கோட்டுக்காரர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். செய்தி ஒரு மாதம் தாமதமாக ஒரு பழைய பத்திரிகை வழியாக எங்களுக்கு வந்தது. அன்று இரண்டு பேரும் பொரிச்ச பரோட்டா கடையில் உட்கார்ந்து ஆளுக்கு ஆறு சாப்பிட்டோம். துக்கத்தில் எனக்குப் பசி கூடும்.

“திரும்பச் சேருவானுவலே” என்றான் சேவியர். “சேந்தா, எங்கன பாடுனாலும் ரெண்டு பேரும் போறோம். முன்னால நின்னு பாக்கோம்.”

சால்னாவில் கை வைத்தபடி சத்தியம் செய்தோம்.

சேவியரின் தொண்டை

அவன் பள்ளிக்கூட வாத்தியாரானான். நான் சொந்தமாக சப்ளை தொடங்கினேன். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் போன் வந்தது. என் மனைவி செல்வி, கல்யாணமான புதிதில், “இது என்ன எளவு வீட்டுப் பாட்டு?” என்றாள். இப்போது தோசை சுடும்போது மூக்கடைப்பின் பாட்டு ஒன்றை முணுமுணுப்பாள். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

போன தசராவுக்கு முந்தின கார்த்திகை மாத வாக்கில் சேவியரின் குரல் கம்மியது. முப்பது வருஷம் வகுப்பில் கத்தியதும், முப்பது வருஷம் கோயிலில் பாடியதும் சேர்ந்ததுதான் என்று சுக்கும் மிளகும் போட்டுப் பார்த்தான். டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் கட்டி, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார். உயிருக்குப் பயமில்லை. ஆனால் குரல் எந்த அளவுக்குத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

ஆபரேஷன் அறைக்குள் போகும் முன்பு அவன் என்னிடம் கம்மிய குரலில் ஒன்றுதான் சொன்னான். “பேச்சு வராட்டியும் போவுதுலே. பாட்டு போயிரும்னுதான் பயமா இருக்கு.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு வேண்டினேன். “தாயே முத்தாரம்மா, அவன் பாடணும். வார தசராவுக்கே ஒனக்கு வேசம் கட்டுதேன்.”

தேதி சொல்லும் புத்தி

நேர்த்திக்கடன் வைக்கிறவர்கள் யாரும் இப்படி வேண்ட மாட்டார்கள். ‘நடந்தால் செய்கிறேன்’ என்பார்கள். அதில் ஒரு வசதி இருக்கிறது. நடந்த பிறகு, தோதான வருஷமாகப் பார்த்துச் செய்யலாம். நான் கப்பல் சப்ளைக்காரன். கப்பல் எங்களுக்காகக் காத்திருக்காது. அதனால் தேதி சொல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ள எங்களுக்கு வராது. அம்மனிடமும் பழக்கதோஷத்தில் தேதி சொல்லிவிட்டேன்.

சேவியர் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. வீட்டில் சிலேட்டு வைத்துக்கொண்டு எழுதிக் காட்டினான். பிறகு மெல்லப் பேச்சு வந்தது. கரகரப்பாக, மணலில் படகை இழுப்பது போல. டாக்டர் பரிசோதித்துவிட்டு, ஆறிவிட்டது, இனி பாடியும் பார்க்கலாம் என்றார்.

அவன் பாடவில்லை. கோயில் பாடல் குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டான். கிடாரை உறையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். நான் காரில் பாட்டைப் போட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

ஒருநாள் கேட்டே விட்டேன். “டாக்டர்தான் சொல்லிட்டாருல்லா, பொறவு என்னலே?”

“வாயைத் தொறந்து, அது வராமப் போச்சுன்னா?” என்றான். “இப்பம் வரும்னு ஒரு நெனப்பாவது இருக்கு.”

எனக்கும் அதே பயம்தான்.

பம்பாய்

அந்த நேரம் பார்த்தா செய்தி வர வேண்டும்! மழைக்கோட்டுக்காரர்கள் சமாதானமாகிவிட்டார்கள். உலகம் சுற்றிப் பாடப் போகிறார்கள். இந்தியாவில் ஒரே ஒரு கச்சேரி, பம்பாயில். சேவியரின் மகள் ஜெசி கம்ப்யூட்டர் முன்னால் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து இரண்டு டிக்கெட் பிடித்துவிட்டாள். சேவியர் போன் செய்து, “முத்து! முன் வரிசைலே!” என்று கரகரத்தான். நானும் குதித்தேன். சமையலறைக்குப் போய் காலண்டரைப் பார்த்தேன்.

கச்சேரி தசரா எட்டாம் நாள்.

கொடியேறிய அன்று காப்புக் கட்டினால் பத்தாம் நாள்வரை விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, குழுவோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை எடுக்க வேண்டும். காப்புக் கையோடு பிளேன் ஏறி பம்பாய் போய்க் கச்சேரி பார்ப்பதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை.

செல்வி சட்டம் பேசினாள். “நீங்க என்ன வேண்டுனீய? அவுங்க பாடணும்னுதானே? அவுங்க இன்னும் பாடலியே. அம்மன் குடுக்கவே இல்ல, நீங்க எதுக்கு இப்பமே வேசம் கட்டணும்? போயிட்டு வாங்க, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்.”

வாதம் கெட்டியாகத்தான் இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஆனால் கப்பலுக்கு நாங்கள் சாமானை முதலில் ஏற்றிவிடுவோம், பணம் வருவதெல்லாம் பிறகுதான். அம்மன் கொடுக்கவில்லையே என்று நான் பின்வாங்கினால், அவளும் எனக்கென்ன என்று இருந்துவிட்டால்? சேவியர் கடைசிவரை பாடாமலே போய்விட்டால்? அந்தப் பாவத்தை என்னால் சுமக்க முடியாது. நான் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. பயந்தவன், அவ்வளவுதான்.

சேவியரிடம் போய்ச் சொன்னேன். எனக்கு அவன் கையால் அடி விழாதது ஆச்சரியம்.

“எனக்காவ ஒன்னைய யாருலே வேண்டச் சொன்னா? எங்கம்மா மாதாட்ட வேண்டியாச்சு. நீ எதுக்குக் குறுக்க போன?”

“ரெண்டு எடத்துல சொல்லி வச்சா நல்லதுதானேன்னு...”

“இது என்ன ரேஷன் கார்டா, ரெண்டு எடத்துல சொல்லி வைக்கதுக்கு?” குரல் உடைந்தது. கோபத்திலா தொண்டையிலா என்று தெரியவில்லை. “முப்பது வருசம்லே முத்து. சேந்து போறோம்னு சொன்னோம். நீ வரல்லன்னா நானும் போவல்ல.”

“நீயும் போவலன்னா அவனுவ பாடுறத நம்ம ரெண்டு பேருமே பாக்காமப் போயிருவோம். போ. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா.”

பத்து நாள் அவன் என்னோடு பேசவில்லை. பதினோராவது நாள் ஜெசி போன் செய்தாள். “மாமா, உங்க டிக்கெட்ல நான் போறேன். அப்பாவைக் கூட்டிட்டுப் போற பொறுப்பு என்னுது.”

ஆடாத ஆளு

எங்கள் பூர்வீக ஊர் உடன்குடிக்குப் பக்கத்தில். அங்கே தசராக் குழு நடத்துகிறவர் இசக்கி அண்ணாச்சி. பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தசராவில் பத்து நாளும் அவர் குரங்கு. வால் அவர் கடைச் சணல் கயிறு.

“என்ன வேசம் கட்டுதிய? ராஜா, போலீஸ், கரடி எல்லாம் ஆள் ஆயாச்சு.”

போக முடியாதவன் வேஷமாவது கட்டலாமே என்று எனக்குத் தோன்றியது. போனில் மழைக்கோட்டுக்காரரின் படத்தைக் காட்டினேன். இசக்கி அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்தார். “சீக்குக் கோழி மாதிரில்லா நிக்காரு. சரி, அம்மனுக்கு எல்லா வேசமும் ஒண்ணுதான். கட்டுங்க.”

மேளக்காரருக்குத்தான் சிக்கல். “உங்க ஆளு எப்படி ஆடுவாரு? அதுக்குத் தக்கன அடிக்கேன்.”

“ஆட மாட்டாரு. ஒரே எடத்துல நிப்பாரு.”

“கையக் காலை அசைப்பாரா?”

“ரொம்ப உணர்ச்சி வந்தா தலையைக் கொஞ்சம் சாய்ப்பாரு.”

மேளக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “இவரு பின்னாலயா முப்பது வருசமா சுத்துதிய?”

ஊர்வலத்தில் கரடி உருளும், ராஜா வாள் சுழற்றுவார், குரங்கு வேப்பமரத்தில் ஏறும். நான் நடுவில் அசையாமல் நிற்பேன். ஒரு ஊரில் என்னை மழையில் நனைந்த டாக்டர் என்றார்கள். இன்னொரு ஊரில் துப்பறியும் அதிகாரி என்று எண்ணி இரண்டு பேர் வழி விட்டார்கள். சொந்தமாக வண்டியும் குடோனும் வைத்திருப்பவன் தெருத்தெருவாகத் தட்டை நீட்டும்போது முதல் நாள் கூசியது. மூன்றாம் நாள் பழகியது. ஐந்தாம் நாள், தூங்கும் நேரம் தவிர, சேவியரின் தொண்டையைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் சாயங்காலம்

அந்தப் பூக்கார அம்மாவைப் பார்த்தது எட்டாம் நாள் மத்தியானம். அங்கிருந்து நாலைந்து தெரு சுற்றி, சாயங்காலம் ஒரு டீக்கடை முன்னால் குழு இறங்கியது. கரடி தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சர்பத் குடித்தது. பம்பாயில் இந்நேரம் விளக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மனசு வலித்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே வலித்தது.

மழைக்கோட்டுப் பைக்குள் போன் அடித்தது. சேவியர். வீடியோ.

“எல்லாரும் சத்தத்த நிறுத்துங்கலே!” என்று இசக்கி அண்ணாச்சி வாலைச் சுழற்றினார். “அண்ணாச்சிக்கு பம்பாய்லேருந்து போன்!”

குழு மொத்தமும் என்னைச் சூழ்ந்துகொண்டது. திரையில் முதலில் ஒரே வெளிச்சம். பிறகு பக்கத்தில் நின்றவர்களின் தலைகள், தூக்கிய கைகள். அதற்கப்பால், கட்டைவிரல் அளவுக்கு, ஒரு மழைக்கோட்டு. அசையாமல் நின்றது.

“அவருதானே?” என்றார் மேளக்காரர். “ஆமா, ஆடத்தான் மாட்டேங்காரு.”

கிடார் தொடங்கியது. இரண்டு அடியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். சேவியர் அந்த நாற்பது பக்க நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிய பாட்டு. போனைக் காதோடு அழுத்தினேன். முப்பது வருஷமாகக் கேசட்டில் கேட்ட குரல் இப்போது நேரில் வரப்போகிறது.

வேறொரு குரல் வந்தது.

போனுக்கு மிகப் பக்கத்தில், கரகரப்பாக, சுருதி ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமுமாக, கிழிந்துபோன ஒரு குரல். முதல் வரியில் பாதியில் நின்றது. மூச்சு வாங்கியது. திரும்பத் தொடங்கியது. மேல் சுரத்துக்குப் போய் முறிந்தது. அதை விடாமல் மறுபடியும் போய்ப் பிடித்தது. பின்னால் ஜெசி, “அப்பா, மெதுவா! அப்பா!” என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்துவது கேட்டது. அவன் நிறுத்தவில்லை. அர்த்தம் தெரியாத காலத்தில் தப்புத் தப்பாக எழுதிவைத்த வார்த்தைகளையே இப்போதும் பாடினான்.

நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். கறுப்புக் கண்ணாடி இருந்தது நல்லதாகப் போயிற்று.

மேளக்காரர் குனிந்து போனில் காதை வைத்தார். முகம் சுளித்தார். “என்ன அண்ணாச்சி, தொண்டை இப்பிடிக் கெட்டுக் கெடக்கு! இவரு பாட்டுக்கா இம்புட்டுக் கூட்டம்?”

“இது அவரு இல்ல” என்றேன். “இது என் சேக்காளி சேவியர்.”

“அவருக்குப் பின்னால பெரிய பாட்டுக்காரரு பாடுதது ஒண்ணுமே கேக்கலியே. கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்க.”

அந்தப் பாட்டு முடியும்வரை மழைக்கோட்டுக்காரர் குரல் ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. நான் சேவியரை நிறுத்தச் சொல்லவில்லை.